ரத்த ஊசி

ஆசியா உம்மாள் என் அக்கா. லாத்தா என்றுதான் கூப்பிடுவேன். சிதம்பரத்தில் வீட்டிலேயே மெஷின் வைத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்தாள். அளவெடுக்கும்போது, “போன பெருநாளைக்கு இப்ப ஒரு சுத்து ஏறிட்டே, உன் மாமியா சோறு போடறா போல” என்பாள். அந்தக் கேலிக்காகவே பலர் வந்தார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்துநாலில் அவளுக்குக் கால் மரத்துப்போகத் தொடங்கியது. மிதியில் பாதம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே தைத்தாள். கடைத்தெருவில் செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடந்து வந்தாள். “ஒத்தச் செருப்பு மகாராணி வர்றாங்க” என்று அவள் கணவர் அப்துல் ஹக் சிரித்தார். அவளும் சிரித்தாள். முகம் மட்டும் எலுமிச்சைத் தோல் மாதிரி வெளுத்துக்கொண்டே வந்தது.

கடலூரில் டாக்டர் சுப்பிரமணியனிடம் காட்டினோம். பி-12 என்ற வைட்டமின் குறைந்திருக்கலாம் என்றார். ரத்தத்தை ஐஸில் வைத்துச் சென்னைக்கு அனுப்பி அளவு பார்க்க வேண்டும். குறைவென்று தெரிந்தால் மருந்தில் கால் பிழைக்கும். நாள் கடந்தால் பிழைக்காது.

லாத்தாவுக்கு ரத்தம் கொடுக்கப் பயம். “இருக்கிறதே கொஞ்சம். அதையும் உறிஞ்சிட்டா என்ன மச்சான் மிஞ்சும்?” என்று அழுதாள். மச்சானுக்கு மனம் கேட்கவில்லை. ரத்தம் கொடுக்க மறுபடி கடலூர் போவதற்கு முந்தைய நாள் கம்பவுண்டர் காத்தவராயனை அழைத்து வந்தார். அவர் குப்பியில் இருந்த மருந்து செக்கச்செவேலென்று இருந்தது. எங்கள் பக்கத்தில் அதற்கு ரத்த ஊசி என்றுதான் பெயர்.

“எடுக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் ஏத்திட்டா சரியாப்பூடும் பாய்,” என்று போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் டாக்டர் கேட்டார்: “வைட்டமின் ஊசி, மாத்திரை ஏதாவது எடுத்துக்கிட்டீங்களா?”

“வைட்டமின்லாம் ஒண்ணும் இல்லீங்க,” என்றார் மச்சான். அவர் பொய் சொல்லவில்லை.

சென்னையிலிருந்து பதில் வந்தது. குறைவில்லை, தேவைக்கு மேலேயே இருக்கிறது. மச்சான் அல்வா வாங்கி வந்தார். டாக்டர் வேறு நரம்பு வியாதி என்று முடிவு செய்து வேறு மருந்து எழுதினார். லாத்தா சுவரைப் பிடித்து நடந்தாள். கண்ணை மூடி முகம் கழுவினால் சாய்ந்து விழுந்தாள். ஐப்பசி மழைக்குள் படுத்துவிட்டாள்.

அடுத்த வருஷம் அவளைத் தூக்கிக்கொண்டுதான் கடலூர் போனோம்.

“இன்னொரு ரத்த ஊசி போட்டுப் பாக்கலாமா சார்?” என்று மச்சான் கேட்டார்.

“இன்னொன்னா? முன்னாடி எப்பப் போட்டீங்க?”

மச்சான் சொன்னார். டாக்டர் அவரை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். நானும் போனேன்.

“அது ரத்தம் இல்லீங்க பாய். அந்த வைட்டமினே அதுதான். சென்னையில அளந்தது உங்க ஊசியத்தான்.”

அன்றே மருந்து தொடங்கினார்கள். முகத்தில் ரத்தம் ஊறியது, கால் திரும்பவில்லை. படுக்கைப் புண் சீழ் வைத்துக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள்.

வராந்தாவில் டாக்டர் சொன்னதை அவளிடம் நாங்கள் கடைசிவரை சொல்லவில்லை. “அன்னிக்கு மச்சான் அந்த ஊசியப் போடலேன்னா நான் எப்பவோ மவுத்தாயிருப்பேன்” என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வாள். அவள் பாதத்தை நீவிக்கொண்டிருக்கும் மச்சான், “ஆமா” என்பார்.