பொட்டு வைக்கும் முன்

மைசூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை செய்கிறேன். எங்களிடம் இருப்பவை இரண்டே பெரிய மெஷின்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் லேப், மருந்தகம், வார்டு என்று பல விர்ச்சுவல் சர்வர்கள், அதாவது மென்பொருளாலேயே ஆன கம்ப்யூட்டர்கள், தனித்தனியாக ஓடும்.

தசராவில் ஆயுத பூஜையன்று மெஷினை நிறுத்தித் தூசி துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்பது எங்கள் வழக்கம். கொஞ்ச நேரம்தானே என்று போன வருடமும் ஸ்விட்சில் கை வைத்தேன். புதிதாகச் சேர்ந்திருந்த ஸ்டெல்லா தடுத்தார்.

“சொல்ப, கொஞ்சம் இருங்கண்ணா. லேப் சர்வர் இதுக்குள்ளதானே ஓடுது? ஐசியூ ரிப்போர்ட் நம்ம பூஜைக்காகக் காத்திருக்குமா?”

சாமந்தி மாலையோடு எல்லோரும் நிற்க, அவர் பதற்றமே இல்லாமல், ஓடிக்கொண்டிருந்த சர்வர்களை நிறுத்தாமலே ஒவ்வொன்றாக அடுத்த மெஷினுக்கு மாற்றினார். எல்லாம் போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்த்த பிறகே, “இப்ப ஆஃப் பண்ணுங்க” என்றார். ஆரத்திக்குக் கற்பூரத்தையும் அவரே எடுத்துக் கொடுத்தார்.

பூஜை முடிந்து பட்டனை அழுத்தினேன். மெஷின் கிளம்பவில்லை. மறுபடி அழுத்தினேன், பச்சை விளக்குகூட எரியவில்லை. அந்த நேரம் பார்த்து லேபிலிருந்து போன். எடுத்தேன்.

“ஏன் சார், எங்களுக்கு இன்னும் பொரி வரலையே?”

எல்லாம் அடுத்த மெஷினில் ஓடிக்கொண்டிருந்ததால், இந்த மெஷின் செத்தது மேலே மாடியில் ஒருவருக்கும் தெரியவில்லை! ஸ்டெல்லா பொரிப் பையை எடுத்துக்கொண்டு சிரித்தபடியே படியேறினார்.

இப்போதெல்லாம் பூஜையோ ரிப்பேரோ, உள்ளே ஓடுவதை இடம் மாற்றாமல் எந்த மெஷினையும் நான் நிறுத்துவதில்லை. இந்த வருடம் முதல் பொட்டை ஸ்டெல்லாவையே வைக்கச் சொன்னோம். வைக்கும் முன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“காலி பண்ணியாச்சு, வைம்மா” என்றேன்.

— செந்தில், விஜயநகர், மைசூரு