ஏற்றத்தில் எழுதிய பெயர்

பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் கூரை வேலை செய்யும் ஒடீல், இளவயதில் ஒரே ஒரு சைக்கிள் பந்தயத்தில் யோரனை முந்தியவர். இன்று யோரன் பெரும் வீரர். பந்தயத்துக்கு முன் அவர் பெயரைச் சாலையில் எழுதுவது ரசிகர் மன்றத்தில் ஒடீலின் பொறுப்பு.

“யோரனுக்கு உடைஞ்ச தோள் எலும்பு இப்பதானே ஒட்டியிருக்கு, கல்லு ரோட்டுல தாங்குவானா?” என்று மதுக்கடையில் ரசிகர்கள் கவலைப்பட்டார்கள்.

“எங்க தாங்கப்போறான்!” என்றார் ஒடீல்.

“வயிறு எரியுதாப்பா? போய் அவன் பேரை எழுது,” என்று சிரித்தாள் கடைக்காரி ரோசான்.

எரியத்தான் செய்தது. செங்குத்தான ஏற்றத்தில், யோரனின் பெயர் வரவேண்டிய இடத்தில், ஒடீல் தம் பெயரையே கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு வந்தார்.

மறுநாள் வென்ற யோரன் தொலைக்காட்சியில் சொன்னார்: “ஏத்தத்துல வலி தாங்கல, சைக்கிளை விட்டு இறங்கிடலாம்னு பார்த்தேன். ஒடீல்ங்கிற பேரைப் பார்த்ததும், இவன்கிட்ட மறுபடியும் தோக்கறதான்னு ரோஷம் வந்துடுச்சு!”

மன்றமே ஒடீலைத் தோளில் தூக்கி ஆடியது. அந்த உயரத்திலும் அவர் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.