மாப்பிள்ளைக் காருக்கு வாங்கிய ஸ்பீக்கர்

பிள்ளைகளே, நம் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரிந்ததற்கு ஒரு பழைய ஸ்பீக்கரும் காரணம் என்றால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டே வாசியுங்கள்.

எழுபதுகளின் தொடக்கம். உங்களில் மூத்தவள் மட்டும் பிறந்திருந்தாள். களுவாஞ்சிக்குடிச் சந்தியில் நான் வாடகைக் கார் ஓடிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் என்னைக் கூப்பிடுவார்கள். கலியாணத்துக்குக் கூப்பிடமாட்டார்கள். அது பாட்டுப் பாடும் கார்களுக்கு உரியது. என் காரிலும் ரேடியோ இருந்தது. ஆனால் ஸ்பீக்கர் கிழிந்து அது ஊமையாகிக் கிடந்தது. கலியாண ஓட்டம் இல்லாமல் அந்தக் காரை வைத்துக்கொண்டு நான் பிழைக்க முடியாது என்று எனக்கு மெல்ல விளங்கிக்கொண்டு வந்தது.

அந்த நேரத்தில்தான் ஒரு மாப்பிள்ளையின் தகப்பன் சந்திக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை மகனை மண்டூருக்கு, பெண் வீட்டுக்கு, ஏற்றிப்போக வேண்டுமாம்.

"உன்ட கார் பாடுமா?"

"பாடும்" என்றேன். வாய் முந்திவிட்டது.

"சனிக்கிழமை பின்னேரம் வந்து கேட்டுப் பாப்பன். பாடாட்டி வேற கார்தான்."

அன்றே காத்தான்குடிக்குப் போனேன். வெளிநாட்டுச் சாமான் வருவது குறைந்திருந்த காலம். புதிய ஸ்பீக்கர் கிடையாது, பழைய கார்களில் கழற்றியதுதான். அதிலும் ஏமாற்று இருந்தது. ஸ்பீக்கரின் கிழிந்த கூம்புக் காகிதத்தைப் பிடுங்கிவிட்டு உள்ளூர்க் காகிதம் ஒட்டி, இரும்புக்குப் பூச்சுப் பூசி, ஒரிஜினல் என்று தள்ளிவிடுவார்கள்.

பழைய ரேடியோச் சாமான் விற்ற அந்தக் கடைக்காரர் என் வயதுதான். ஆனாலும் அவர்கள் அண்ணனை அழைப்பதுபோல் காக்கா என்றே கூப்பிடுவேன். அவர் ஒரு ஸ்பீக்கரை என் கையில் தந்து, "வடிவாப் பாரு மச்சான். பிறகு வந்து அழப்படாது" என்றார்.

பார்த்தேன். கம்பனிப் பெயர் தாளில் ஒட்டப்படாமல் இரும்பிலேயே அடிக்கப்பட்டிருந்தது. காகிதம் சட்டத்தோடு சேரும் விளிம்பில் புதுப் பசை இல்லை. பின்னாலிருந்த காந்தம் கைக்குக் கனத்தது. காகிதத்தை இரண்டு பக்கமும் விரலால் ஒரே அளவாக மெல்ல அமுக்கிக் காதை வைத்தேன். உள்ளே உரசும் சத்தம் இல்லை. டோர்ச் பற்றரியிலிருந்து இரண்டு வயரை அதன் முனைகளில் தொட்டபோது 'டக்' என்று துள்ளியது. வாங்கிக்கொண்டு வந்து, பின் சீற்றுக்கு மேலேயுள்ள தட்டில் பூட்டினேன். கோயில் மணி மாதிரிப் பாடியது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மத்தியானம் சந்தியில் நின்று ரேடியோவைத் திருகினால் பாட்டுக்குள் 'கர்ர் கர்ர்' என்று ஒரு சத்தம். பக்கத்துக் கார்க்காரர் தலையை உள்ளே நீட்டினார்.

"என்ன மச்சான், காருக்குள்ள தவளை வளக்கிறாயா?"

"நேத்து நல்லாத்தான் பாடினது."

"ஒட்டுப்போட்ட சாமான் நேத்துப் பாடும், இண்டைக்குக் கத்தும். காக்கா உன்ட தலையில கட்டிப்போட்டார். மண்டூர் ஓட்டத்த என்னட்டத் தா."

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். எனக்கு அது பகிடியாகப் படவில்லை.

சனி விடிய ஸ்பீக்கரைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டு காத்தான்குடிக்குப் போனேன். எப்படிச் சொல்வது என்று வழி நெடுகப் பழகினேன். கடைக்குப் போனதும் எல்லாம் மறந்து, "காக்கா, இது ஒரிஜினல்தானா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்பட்டிருக்கலாம். பார்த்து வாங்கியவன் நான். விற்ற சாமானை அவர் திரும்பத் தொடவேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. வந்து நின்ற இரண்டு பேரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, துணியை அவிழ்த்து, நான் செய்து பார்த்ததையெல்லாம் முதலிலிருந்து செய்தார். பிறகு வெளிச்சத்தில் பிடித்தார். காகிதத்தின் நடுவில், மேடான இடத்துக்குப் பக்கத்தில், காய்ந்து வெடித்த ஒரு மஞ்சள் வட்டம். அதன் விளிம்பு கழன்று நின்றது. ஊதினால் துடித்தது.

"இதென்ன மச்சான், சந்தனமா?"

அப்போதுதான் விளங்கியது. வெள்ளிக்கிழமை காலையில் உங்கள் அம்மா காருக்குப் பொட்டு வைத்தாள். புதிதாக வந்த ஸ்பீக்கருக்கும் வைத்திருக்கிறாள்.

காக்கா வயிறு குலுங்கச் சிரித்தார். "தங்கச்சிக்கிட்டச் சொல்லு, பொட்டு வெக்கிறெண்டா இரும்பில வெக்கட்டும். கடதாசில வெச்சா இது எப்படி மூச்செடுக்கிற?"

சொல்லிக்கொண்டே, பூனைமுடி போன்ற ஒரு தூரிகையால் சந்தனத்தைத் துளித்துளியாக எடுத்தார். ஈரத்தில் மெலிந்திருந்த இடத்துக்குப் பசையை நீர்க்கக் கரைத்துத் தடவி வெயிலில் வைத்தார். அது காயும்வரை எனக்குத் தேத்தண்ணி தந்தார். பிறகு அவரே காருக்குள் ஏறிக் குனிந்து பூட்டித் தந்தார்.

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். "காருக்கு வெச்சன், அதுக்கு மட்டும் வெக்காம உட்டா மனசு கேக்குமா?" என்றாள். அவள் கேட்டதிலும் பிழையில்லை.

பின்னேரம் மாப்பிள்ளையின் தகப்பன் வந்தார். பின் சீற்றில் சாய்ந்து உட்கார்ந்து, "போடு பாப்பம்" என்றார். திருகினேன். பாட்டு வரவில்லை. வானொலியில் மரண அறிவித்தல். யாரோ காலமானார், அன்னாரின் பூதவுடல் இத்தனை மணிக்கு என்று, ஒவ்வொரு சொல்லும் கண்ணாடி போலத் தெளிவாக வந்தது. மாப்பிள்ளைக் காருக்குள் இப்படியா! ரேடியோவை மூடப்போனேன்.

"மூடாத" என்றார். கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார். "சத்தம் சோக்கா இருக்கு. நாளைக்கு இந்த நேரம் மட்டும் திறந்துபோடாத ராசா."

ஞாயிறு போனோம். குருமண்வெளித் துறையில் காரைப் பாதையில் ஏற்றினார்கள். வாவியைக் கடக்கும் பலகை மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். நடு வாவியில் நல்ல பாட்டொன்று வந்தது. மாப்பிள்ளை தலைப்பாகையோடு தாளம் போட்டார். மண்டூர்க் கரையில் பெண் வீட்டார் அங்கிருந்தே கையசைத்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள்ளேயே அடுத்த கலியாணத்துக்கு என் காரைப் பேசி அமர்த்திக்கொண்டார்கள்.

திரும்பும்போது காத்தான்குடிப் பக்கம் எனக்கு வேலை எதுவும் இல்லை. ஆனாலும் காரை அங்கே திருப்பினேன், காக்காவுக்கு ஒரு பாட்டுப் போட்டுக் காட்ட.