மார்கோவின் ஞாயிற்றுக்கிழமை

லக்சம்பர்க்கில் எங்கள் ஊருக்குத் தபால் கொண்டுவருபவள் மார்கோ. அவள் கணவர் ஃபெர்னும், அவள் அண்ணன் ஜெம்ப்பும் எதிரெதிர்க் கட்சி வேட்பாளர்கள். இருவரும் கொள்கைக் குன்றுகள். ஒரே மேஜையில் சாப்பிட மாட்டார்கள். தேர்தல் முடியும்வரை மார்கோ, தன் ஒரே விடுமுறை நாளான ஞாயிறுதோறும், பன்றிக்கறியும் அவரைக்கொட்டையும் சமைத்து இரண்டு பந்தி பரிமாறினாள்.

இருவரும் தோற்றார்கள். அவர்களுடைய கட்சிகளோ சேர்ந்து கூட்டணி ஆட்சி அமைத்தன. அதற்கடுத்த ஞாயிறே இருவரும் தோளில் கைபோட்டபடி வந்து உட்கார்ந்தார்கள்.

“எல்லாம் நாட்டு நலனுக்காகத்தான், மச்சான்,” என்றார் ஃபெர்ன்.

“பின்னே? உங்களைத் துரோகின்னு சொன்னதெல்லாம் சும்மா மேடைக்கு, மாப்பிள்ளே,” என்ற ஜெம்ப் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “மார்கோ, சாப்பாடு ஆச்சா?”

மார்கோ கோட்டை மாட்டிக்கொண்டு வந்தாள்.

“அடுப்படி இலாகாவை நீங்க ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கோங்கண்ணா. நான் எதிர்க்கட்சி. வெளிநடப்பு பண்றேன்.”