தம்பியின் இழைப்புளி

என் தம்பி இடது கைக்காரன். அவன் பிறந்ததிலிருந்து கூடவே இருக்கிறேன். எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

பூந்தமல்லியில் எங்களுக்குச் சின்னத் தச்சுப் பட்டறை. நானும் அவனும்தான். மேஜையைச் சுவரை ஒட்டிப் போட்டிருந்தோம். பலகையை வைத்தால் இந்த முனையிலிருந்து நான் இழைப்பேன். நடுவில் மரத்தின் ரேகை ஓட்டம் மாறும். அதற்கு மேல் தள்ளினால் சிராய் பெயர்ந்துவிடும். மற்ற பட்டறைகளில் பலகையைத் திருப்பிப் போடுவார்கள். நாங்கள் திருப்புவதில்லை. நான் விலகிக்கொள்வேன், அந்த முனையிலிருந்து அவன் வருவான். இடது கை என்பதால் அவனைச் சுவர் இடிக்காது. இருபது வருசம் இப்படித்தான். பேச்சுகூடத் தேவைப்படாது.

போன வருசம் ஒரு கம்பெனியில் அவனை வேலைக்குக் கூப்பிட்டார்கள். செம்பரம்பாக்கம் தாண்டி, சமையலறை அலமாரி செய்கிற இடம். மாதச் சம்பளம், ஞாயிறு லீவு. அவன் யோசித்துக்கொண்டிருந்தான். போகாதே என்று நான் சொல்லவில்லை. அப்படியெல்லாம் எனக்குச் சொல்ல வராது. மாமனார் காரியத்துக்கு ஊருக்குக் கிளம்பும்போது, திரும்பி வந்து முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் நசரத்பேட்டையிலிருந்து ஒரு அம்மா வந்தார். புது வீடு. பூஜை அறைக்குத் தேக்குக் கதவு வேண்டும் என்றார். பழைய கதவின் துண்டு ஒன்று கையில் இருந்தது. விளிம்பு நெடுக பென்சில் கனத்துக்கு ஒரு உருட்டு, அதை ஒட்டி ஒரு பள்ளக் கோடு. இதே மாதிரி வந்தால் வீட்டுக்கதவு பன்னிரண்டும் உங்களுக்கே என்றார்.

மாசக்கணக்கில் வேலை. தம்பியை நிறுத்த இது போதும் என்று நினைத்தேன். வேறு எதுவும் என் மண்டையில் இல்லை.

எங்கள் மிஷினுக்கு அந்த அளவில் பிட் இல்லை. கடையிலும் கிடைக்கவில்லை. இழைப்புளியில்தான் எடுக்க வேண்டும். அதற்கு அலகிலும் அடியிலும் உருட்டு அளவுக்குக் குழி வேண்டும். என்னுடையதெல்லாம் இரும்பு. அதன் அடியில் குழி எடுக்க முடியாது. மரத்தில் இருந்தது ஒன்றுதான். அது தம்பியுடையது. முதல் கூலியில் வாங்கினான். அவன் உள்ளங்கை பட்டுப் பட்டு முதுகில் ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது.

எங்கள் வேலையில் ஒருத்தன் இழைப்புளியை இன்னொருத்தன் கேட்காமல் தொடமாட்டான். செல்போன் கையில்தான் இருந்தது. காரியம் நடக்கிற வீட்டில் இதைப் போய் எப்படிக் கேட்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டால் வேண்டாம் என்பான் என்றும் தெரியும்.

அலகைக் கரியில் பழுக்கக் காய்ச்சி, சாம்பலில் போட்டு ஆறவிட்டேன். இளகினதும் உருண்டை அரத்தால் அரை வட்டம் அராவினேன். அலகு சாய்ந்து உட்காருவதால் குழி கொஞ்சம் ஆழமாக இருக்க வேண்டும். முதல் தடவை அது தப்பியது. மறுபடி அராவினேன். திரும்பக் காய்ச்சி எண்ணெயில் முக்கினேன். அடியில் குழி வெட்டி, பென்சிலில் உப்புத்தாள் சுற்றித் தேய்த்தேன். கடைசியில், விளிம்பைப் பிடித்து நழுவாமல் ஓட, பக்கத்தில் ஒரு தேக்குக் கட்டையைத் திருகினேன். இடது பக்கம். எல்லாம் சேர்த்து இரண்டு நாள் ஆனது.

வீணான ஒரு கட்டையில் ஓட்டிப் பார்த்தேன். சுருள் சுருளாக வந்தது. உருட்டு கண்ணாடி மாதிரி நின்றது. அந்த அம்மாவுக்கு போட்டோ அனுப்பினேன். எல்லாக் கதவும் ஆரம்பியுங்கள் என்று பதில் வந்தது.

ஆறாம் நாள் காலையில் தம்பி வந்தான். பையை வைத்துவிட்டு மேஜைக்குப் போனான். இழைப்புளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நான் பன்னிரண்டு கதவையும் சொன்னேன். இனி நீ எங்கேயும் போக வேண்டியதில்லை, உனக்காகத்தான் செய்தேன் என்றேன். அவன் ஒரு கட்டையை எடுத்து வைத்தான். தன் முனைக்குப் போய், தன் கையில் பிடித்தான். இழைப்புளி உட்காரவில்லை. என் முனையிலிருந்து பிடித்தால் என் பக்கம் நிற்கிற அந்தத் தேக்குக் கட்டை, அவன் பிடித்ததும் சுவர்ப் பக்கம் போய்விட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எனுக்காவ செஞ்சியா?"

"ஆமாண்டா."

"எந்தக் கைக்கு, அண்ணாத்தே?"

கட்டையைக் கழற்றி அந்தப் பக்கம் மாட்டித் தருகிறேன் என்று உளறினேன். அது ஆகாது. குழி ஒரு ஓரத்தில் இருக்கிறது. அடியை இழைத்துப் பழையபடி தட்டையாக்கினால் அலகு வெளியே வருகிற வாய் அகன்றுவிடும், பிறகு ஒன்றுக்கும் உதவாது. இது அவனுக்கும் தெரியும்.

"சின்ன வயசுல சோறு துண்ணசொல்லோ இந்தக் கையிலதான் அடிப்பே," என்று இடது கையைக் காட்டினான். "இன்னும் அதேதான் பண்ணிகினு கீறே."

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன். தன் உளிகளைச் சாக்கில் சுற்றினான். அரம், ரம்பம், சுத்தி எல்லாம் எடுத்துக்கொண்டான். இழைப்புளியை மேஜையிலேயே விட்டுவிட்டான். அவன் வண்டியை எடுக்கும்வரை வாசலில் நின்றேன். 

கதவுகளை ஒண்டியாகச் செய்து முடித்தேன். ஆறு மாதத்தில் முடிய வேண்டியது பத்து மாதம் ஆனது. கிரகப்பிரவேசத்தன்று அந்த அம்மா வந்தவர்களுக்கெல்லாம் உருட்டைத் தடவிக் காட்டினார். அத்தனையும் இவர் கையால செஞ்சது என்றார். சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

மெட்ரோ வேலைக்கு ரோட்டைக் குறுக்கியதால், காலையில் கம்பெனி வேன் எங்கள் பட்டறை எதிரில் நின்று நின்று போகும். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான். நான் நிமிர்ந்து பார்ப்பேன். அவன் செல்லைப் பார்த்துக்கொண்டிருப்பான். வேன் நகர்ந்ததும் நான் வேலையைப் பார்ப்பேன்.