கள்ளிப்பழம் பறித்த கை

மழைக்காலத்துக்கு ஆகும் என்று கள்ளிப்பழ ஜாம் காய்ச்சி வைக்க ஆசைப்பட்டேன். வெம்பக்கோட்டை சாலையோர வேலிகளில் சப்பாத்திக்கள்ளி சிவக்கச் சிவக்கப் பழுத்திருந்தது. எங்கள் வீட்டில் வேலை செய்யும் செல்வியை அழைத்துக்கொண்டு போனேன்.

முதல் பழத்திலேயே முள் ஏறி நான் கையை உதறினேன். செல்வியோ வெறுங்கையால் மளமளவென்று பறித்தாள்.

“நீங்க தள்ளி நில்லுங்கக்கா. எனக்கு வலிக்காது.”

பழகிய கை என்று நினைத்து, வாளி நிறையும்வரை நிழலில் நின்றேன்.

வீட்டில் அவள் பழம் கழுவியபோது தண்ணீர் சிவந்தது. பழச்சாறு என்றுதான் நினைத்தேன். பிறகு கையைப் பிடித்துத் திருப்பினேன். பத்து விரலிலும் முள், ரத்தம்.

“வலிக்காதுன்னியே!”

“பட்டாசுக் கம்பெனியில மருந்து பத்திக்கிட்டப்ப கை வெந்து போச்சுக்கா. அதுலருந்து விரல்ல உணர்ச்சியே கிடையாது. வீட்டுக்குப் போனா மக எடுத்து விட்டுருவா.”

அந்தத் தழும்புகளை இரண்டு வருடமாகப் பார்த்திருக்கிறேன். எப்படி வந்தன என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு முள்ளாக எடுத்தேன். அவள் குனிந்து தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணாவது சுருக்குன்னு இருக்காதான்னு பாக்கேன்க்கா” என்றாள்.

ஜாம் நன்றாகத்தான் வந்தது. பாதியை அவள் வீட்டுக்குக் கொடுத்தேன். ஆனால் அன்றிலிருந்து, யாராவது தனக்கு ஒரு கஷ்டமும் இல்லை என்று சொன்னால் எனக்கு நிம்மதி வருவதில்லை. ஏன் இல்லை என்று கேட்கத் தோன்றுகிறது.