மணலில் விதைத்த போலந்துக் காசுகள்

என் இரண்டு கண்ணாணை, இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. தரங்கம்பாடியில் முப்பது வருஷம் பழைய காசு விற்றவன் நான். இந்தத் தொழிலில் காசு கால் பங்கு, கதை முக்கால் பங்கு. என்னைப் போன்றவர்களிடம் ஏமாந்து, அதை வீட்டில் சொல்ல முடியாமல் விழுங்கிக்கொண்டிருக்கும் அன்பர்களே, கேளுங்கள்.

வெள்ளி மட்டும் நிஜம்

டேனிஷ்காரர் கட்டிய கோட்டையைப் பார்க்க வந்த போலந்துக்கார அம்மாள் ஒருவர் என் கடைக்குள் நுழைந்தார். நான் ஈயத்தில் வார்த்து வைத்திருந்த 'டேனிஷ்' காசை நகத்தால் கீறிப் பார்த்துச் சிரித்தார். செல்போனில் ஒரு படம் காட்டினார். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அவர்கள் தேசத்தில் அண்டை நாட்டு வெள்ளிக் காசைப் பார்த்து அதேபோல அடித்தார்களாம். அடித்தவனுக்குப் படிக்கத் தெரியாது. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் குச்சி குச்சியாகக் கோடு. அவர் மேற்கொண்டு சொன்னதைக் கூட வந்த கைடு தமிழில் சொன்னான்: "அப்ப வாங்குறவன் எழுத்தைப் பாக்கல, எடை போட்டு வாங்கினான். வெள்ளி சரியா இருந்துச்சு. நீங்க வெள்ளியிலயே கை வைக்கிறீங்களேன்னு கேக்குறாங்க பெரியவரே."

பத்து மணி அறுவடை

ரோஷம் வந்துவிட்டது. பழைய கொலுசுகளை வாங்கி உருக்கினேன். இங்கிலீஷ் எழுத்தே தெரியாத திருவையாற்று நகைப் பத்தர் ஒருவர், கைடிடம் நான் கேட்டு வாங்கிய அந்தப் படத்தைப் பார்த்து அச்சு வெட்டினார். நகத்தளவு காசு, நடுவில் சிலுவை, சுற்றிலும் கோடு. விடிகாலையில் கோட்டைக்கு முன்னால் மணலில் பத்துப் பத்தாக விதைத்துவிட்டு வருவேன். கண்டெடுத்த சுற்றுலாக்காரர் விவரம் கேட்க என்னிடம்தான் வந்தாக வேண்டும். புயலில் மூழ்கிய கப்பல், அதில் ஏழு பெட்டி வெள்ளி என்று நான் ஆரம்பித்தால், இன்னும் நாலு காசு வாங்காமல் போகமாட்டார். பத்தர் கேட்டார்: "நெல்லு விதைச்சவன் நாலு மாசம் காத்துக்கெடக்குறான். உங்களுக்குப் பத்து மணிக்கே அறுப்பா?"

சேகரின் கணக்கு

மீன்பிடிக்கிற சேகர் அதில் ஒன்றைக் கண்டெடுத்தான். ஏழு பெட்டிக் கதை அவன் காதுக்கும் போயிருந்தது. வலையைச் சுருட்டி வைத்துவிட்டு, கோட்டைக்கு எதிரே அலை இழுத்துக் கல்லில் அறைகிற இடத்தில் தினமும் மூழ்க ஆரம்பித்தான். இரண்டாம் வாரம் தோள் கிழிந்து வந்தான்.

அவனைக் கடைக்குக் கூப்பிட்டேன். கடைக் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அச்சையே எடுத்துக் காட்டினேன். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நகைக்கடையில உரசிப் பாத்தாச்சு பெரியப்பா, சுத்த வெள்ளி. போலிக்கு எவனாவது சுத்த வெள்ளி போடுவானா? நான் கண்டெடுத்த காசைப் பாத்து அச்சு வெட்டி வச்சுக்கிட்டு, பெட்டியைத் தனியா அள்ளலாம்னு பாக்குறீங்க."

இடுப்பு முடிச்சு

அதற்கு மூன்றாம் நாள் அவன் உடல் கரை ஒதுங்கியது. இடுப்பு முடிச்சில் நாலு காசு இருந்தது. எல்லாம் நான் விதைத்து, அலை இழுத்துக்கொண்டு போனவை.

காரியம் முடிந்ததும் அவன் மனைவி வளர்மதி தன் தம்பியோடு கடைக்கு வந்தாள். மறுபடியும் அத்தனையும் சொன்னேன், அழுதேன்கூட. அவள் அந்த நாலு காசையும் என் மேஜையில் வரிசையாக வைத்தாள். "கடலுக்குள்ளேருந்து எடுத்திருக்காரு மாமா. நீங்க கதை விடுறவருன்னு ஊருக்கே தெரியும். எடத்தை மட்டும் சொல்லுங்க, தம்பி எறங்குறான்."

ஆகவே அன்பர்களே, தரங்கம்பாடிப் பக்கம் போனால், தினமும் மூழ்கிக்கொண்டிருக்கும் அந்தத் தம்பியிடம் கடலுக்கு அடியில் கப்பலும் இல்லை, பெட்டியும் இல்லை என்று யாராவது சொல்லிவையுங்கள். சொன்னது நான் என்று மட்டும் மூச்சுவிடாதீர்கள், நம்பமாட்டான்.